வேகமான காருக்கு மலிவான மாற்று பிரேக் டிஸ்க்: எதில் சிக்கனம் செல்லும், எதில் செல்லாது

வேகமாக ஓடுவதற்கென்றே செய்த காரில் முன் டிஸ்க் இரண்டும் தேய்ந்து, ஷோரூமில் சொன்ன விலை மலைக்க வைத்தால், எதிரே பல வழிகள் இருக்கின்றன. அதே டிஸ்க்கை அதைச் செய்துகொடுக்கும் தொழிற்சாலையின் சொந்தப் பெட்டியில் வாங்கலாம். வேறு தயாரிப்பாளரின் வெற்று முக டிஸ்க், முகத்தில் கோடு கோடாகப் பள்ளம் வெட்டிய 'வரியிட்ட' டிஸ்க், துளையிட்டது, இரண்டு துண்டு டிஸ்க் என்றும் போகலாம். வேறொரு காரில் இருந்து கழற்றியதை வாங்கலாம், அல்லது இருப்பதையே லேத்தில் சீவலாம்.

பெரும்பாலானவர்களுக்கு உரிய விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் அதிகக் கார்பன் வார்ப்பிரும்பில் செய்த, வெற்று முகம் கொண்ட, ஒற்றைத் துண்டு டிஸ்க் போதும். மிச்சமாகும் பணம், டிஸ்க்கை இறுக்கி உரசும் தகடான பேடுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போகட்டும். இந்த விடை எங்கே பொருந்தாது என்பதையும், மலிவு என்று வாங்கியது எங்கே காலை வாரும் என்பதையும்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் எடை

டிஸ்க்கின் வேலை வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு காற்றில் விடுவது. 1500 கிலோ கார் 200 கி.மீ. வேகத்தில் இருந்து நின்றால் சுமார் 23 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது என்று வைத்தால், ஒரு முன் டிஸ்க்குக்கு 8 லட்சம் ஜூல். ஒரு கிலோ வார்ப்பிரும்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 500 ஜூல் வேண்டும். பேட் உரசும் வளையம் மட்டும் 8 கிலோ இருந்தால், அந்த ஒரே நிறுத்தத்தில் வெப்பம் 200 டிகிரி ஏறும். வளையம் 7 கிலோதான் என்றால் 230 டிகிரி. ட்ராக்கில், அதாவது பந்தயத் தடத்தில், அடுத்த வளைவு வருவதற்குள் இது முழுவதும் ஆறாது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும்.

மலிவு டிஸ்க்கின் ரகசியம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. வெளி விட்டமும் மொத்தக் கனமும் ஒரிஜினலோடு ஒத்துப்போகும். ஆனால் இரண்டு தட்டுகளும் மெல்லியதாக, நடுக் காற்று இடைவெளி அகலமாக, உள்ளே தட்டுகளை இணைத்துக் காற்றைத் தள்ளும் இறக்கைகளான வேன்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கும். இரும்பு மிச்சம், வார்ப்பதும் சுலபம். மைக்ரோமீட்டர் வைத்து மொத்தக் கனம் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. தராசு காட்டிக்கொடுக்கும். பட்டியலில் எடை போட்டிருக்கும் தயாரிப்பாளரை நம்பலாம். போடாதவரிடம் கேளுங்கள். ஒரிஜினலைவிட அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் அந்தப் பேரத்தை விட்டுவிடுவது நல்லது. விளம்பரத்தில் 'எடை குறைந்த டிஸ்க்' என்று பெருமையாகப் போட்டிருந்தால், சக்கரத்தோடு பொருந்தும் நடுப்பகுதியான தொப்பியை அலுமினியத்தில் செய்ததால் குறைந்ததா, உரசும் இரும்பையே குறைத்ததா என்று பாருங்கள். முன்னது நல்லது, பின்னது கெடுதி.

இரும்பின் தரம் அடுத்தது. அதிகக் கார்பன் வார்ப்பில் கிராஃபைட் செதில்கள் கூடுதல். அதனால் வெப்பம் விரைவாகப் பரவும், அதிர்வும் கீச்சலும் குறையும், சூடேறி ஆறும்போது விரிசல் விழுவது தள்ளிப்போகும். இதற்கான விலை வித்தியாசம் பொதுவாகச் சிறியதுதான். ஒரே நிறுவனம் சாதாரண வார்ப்பிலும் அதிகக் கார்பன் வார்ப்பிலும் ஒரே அளவு டிஸ்க்கை விற்பது உண்டு. பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் மலிவான வரிசை கையில் வந்து சேரும். பாகத்தின் எண்ணை முழுதாகப் படியுங்கள்.

யாருடைய பெட்டி

கார் நிறுவனங்கள் டிஸ்க்கைப் பெரும்பாலும் வெளியில்தான் வார்க்கக் கொடுக்கின்றன. பிரெம்போ, ஏ.டி.இ., சிம்மர்மன், டி.ஆர்.டபிள்யூ. போன்றவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கிறார்கள். உங்கள் காருக்கு முதலில் டிஸ்க் கொடுத்தவர் யார் என்று தெரிந்தால், அவருடைய பெட்டியில் வாங்குவதே தலைவலி இல்லாத சிக்கனம். பழைய டிஸ்க்கின் தொப்பி ஓரத்தில் இருக்கும் வார்ப்புக் குறியைக் கம்பி பிரஷால் துடைத்துப் பார்த்தால் பல நேரம் விடை கிடைத்துவிடும். பேடை அழுத்தும் கவ்வியான காலிப்பரில் ஒரு பெயர் பெரிதாக எழுதியிருப்பதாலேயே டிஸ்க்கும் அவர்களுடையது என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்து வருவது சாதாரணம்.

மாற்று பிரேக் பாகங்களுக்கான ஐரோப்பிய விதியான ஆர்-90இன் ஒப்புதல் இன்னொரு வடிகட்டி. 2016 நவம்பருக்குப் பின் புதிதாக ஒப்புதல் பெற்ற கார் வகைகளுக்கு விற்கும் மாற்று டிஸ்க்குகளும் அந்த விதிக்குள் வருகின்றன. ஒப்புதல் எண் டிஸ்க்கிலேயே இருக்கும். இந்தக் குறி இருப்பதால் அந்த டிஸ்க் ட்ராக்கில் தாங்கும் என்று அர்த்தமில்லை. ஒரிஜினலோடு ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் பெயர் தெரியாத மலிவு டிஸ்க் இரண்டு எதிரே இருந்து, ஒன்றில் மட்டும் குறி இருந்தால், முடிவு எளிது.

முகம்: வெற்று, வரி, துளை

துளையிட்ட டிஸ்க்கை அழகுக்காக வாங்கினால் அதில் குற்றமில்லை. குளிர்ச்சிக்காக என்று வாங்கினால் ஏமாற்றம்தான். துளைகள் இரும்பைக் குறைக்கின்றன. ஒவ்வொரு துளையின் விளிம்பும் விரிசல் பிறக்கும் இடம். ஈரத்தில் முதல் பிடி சற்று சுறுசுறுப்பாக இருக்கும் என்பது உண்மை. வார்த்த பிறகு சாதாரணத் துரப்பணத்தால் குத்தி, விளிம்பைச் சரிவாக மழிக்காமல் விட்ட மலிவுத் துளை டிஸ்க், கடுமையாக ஓட்டும் காரில் மிக மோசமான தேர்வு. சில துளைகள் உள்ளே இருக்கும் வேனின் மேலேயே விழுந்திருக்கும். ஒரு துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் வேலையின் லட்சணம் தெரிந்துவிடும். தங்க நிறப் பூச்சு, துளை, வரி மூன்றும் ஒன்றாக, பேடும் சேர்த்து, நான்கு சக்கரத்துக்கும் ஒரே பெட்டியில் வரும் மலிவுத் தொகுப்புகளை இந்தக் கட்டுரை எந்த நிலையிலும் பரிந்துரைக்காது.

வரியிட்ட டிஸ்க் நேர்மையான தேர்வு. வரிகள் பேடின் முகத்தைச் சீவிப் புதுப்பிக்கின்றன, பொடியையும் வாயுவையும் வெளியேற்றுகின்றன. பதிலுக்குப் பேட் சீக்கிரம் தேயும், பிரேக் பிடிக்கும்போது மெல்லிய இரைச்சல் வரும். ட்ராக் பேட் போடுபவருக்கு இது லாபம். தினமும் அலுவலகம் போய்வரும் காருக்கு அந்தக் கூடுதல் பணத்தில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

முகத்தைவிட உள்ளே இருக்கும் வேன்களே குளிர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. வளைந்த வேன் கொண்ட டிஸ்க்குக்கு இடம், வலம் உண்டு. காரில் மாட்டிய பின் டிஸ்க்கின் மேல் பாதியைப் பார்த்தால், வேன்களின் வெளி நுனி காரின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். திசையை வரிகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். மலிவு ஜோடிகளில் வரி மட்டும் கண்ணாடி பிம்பம்போல் மாறியிருக்கும், உள்ளே வேன்கள் இரண்டிலும் ஒரே பக்கம் வளைந்திருக்கும். அப்போது ஒரு பக்கச் சக்கரத்தில் காற்று சரியாக இழுபடாது. ஒரிஜினல் வளைந்த வேனாக இருந்து, மாற்று நேர் வேனாக வந்தால், அது சாலைக்குப் போதும், ட்ராக்குக்குப் போதாது. பிரேக்கைக் குளிர்விக்கக் காற்றுக் குழாய் பொருத்தியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: டிஸ்க் எந்தப் பக்கத்தில் இருந்து காற்றை இழுக்கிறது. குழாய் உட்பக்கம் ஊத, டிஸ்க்கின் வாய் வெளிப்பக்கம் இருந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

இரண்டு துண்டு டிஸ்க் பணம் மிச்சமாக்குமா

அலுமினியத் தொப்பி, அதில் போல்ட்டால் கோத்த இரும்பு வளையம். சூடாகும்போது வளையம் தன் போக்கில் விரியும், குடைபோல் சாய்வதில்லை. சக்கரத்தின் சுமையும் குறையும். இவை உண்மையான நன்மைகள். 'தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும், நாளடைவில் லாபம்' என்று விற்கும்போதுதான் கணக்கு போட வேண்டும்.

இரண்டு துண்டு டிஸ்க்கின் முழு ஜோடி 100 பங்கு, வளைய ஜோடி 60 பங்கு விலை என்று வைப்போம். உங்கள் காருக்கு நல்ல ஒற்றைத் துண்டு ஜோடி 50 பங்குக்குக் கிடைத்தால், வளையமே அதைவிட அதிகம். எத்தனை முறை மாற்றினாலும் லாபம் வராது. காரின் ஒரிஜினலே அலுமினியத் தொப்பி வைத்து ரிவெட் அடித்த டிஸ்க்காக இருந்து ஜோடி 90 பங்கு ஆகுமென்றால், கதை மாறும். இரண்டாவது மாற்றத்திலேயே 180க்கு எதிராக 160. மூன்றாவதில் 270க்கு 220. ஆக, ஒரிஜினல் விலை ஏறிய கார்களுக்குத்தான் இரண்டு துண்டு டிஸ்க் சிக்கனம்.

வாங்குமுன் அந்த வளையம் தனியாக விற்பனைக்கு இருக்கிறதா, விட்டம், கனம், போல்ட் எண்ணிக்கை, போல்ட் வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) பொது அளவா என்று பாருங்கள். தொப்பிக்காரர் கடையை மூடினாலும் 355க்கு 32 (விட்டம் 355, கனம் 32 மி.மீ.) போன்ற பரவலான அளவு வளையத்தை வேறிடத்தில் தேடலாம். அவர் மட்டுமே செய்யும் விசித்திர அளவு என்றால் தொப்பியோடு சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான். வளையம் மாற்றும்போது நட், போல்ட்டும் புதிதாகப் போட வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். வளையம் தொப்பியில் சற்று அசைய இடம் விட்ட 'மிதக்கும்' வகையில், குளிர்ந்த டிஸ்க் மெல்லக் கலகலப்பது இயல்பு.

ரிவெட் டிஸ்க் உள்ள காருக்கு முழு இரும்பில் ஒற்றைத் துண்டு மாற்று டிஸ்க்கையும் சில தயாரிப்பாளர்கள் செய்கிறார்கள். விலை பாதியாகலாம், எடை கூடும். சாலைக்கு மட்டும் என்றால் தயங்காமல் போடலாம்.

லேத், பழையது, கார்பன் செராமிக்

லேத்தில் சீவுவது கேட்கும்போது சிக்கனம். 30 மி.மீ. கனத்தில் பிறந்த டிஸ்க்கின் குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் 28 மி.மீ. பக்கம், அந்த எண் தொப்பி ஓரத்திலோ விளிம்பிலோ பொறித்திருக்கும். 29.2 மி.மீ. இருக்கும் டிஸ்க்கில் பக்கத்துக்கு 0.3 மி.மீ. சீவினால் 28.6, மிச்சம் 0.6 மி.மீ. மட்டுமே, எடையும் குறைந்துவிட்டது. அதோடு, டிஸ்க் 650, 700 டிகிரி வரை சூடாகித் திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்திருந்தால், அந்த இடங்களில் இரும்பு சிமென்டைட் என்ற கடினப் பொருளாக மாறியிருக்கும். அது மேல்தோலோடு நிற்பதில்லை, கீழேயும் இறங்கியிருக்கும். சீவிய சில வாரங்களில் அதே அதிர்வு திரும்ப வரும். அதிகம் தேயாத, சும்மா நின்று துருப்பிடித்த டிஸ்க்குக்கு மட்டுமே லேத் சரி.

பழைய டிஸ்க்கில் ஒரு வகை மட்டும் தங்கம்: பெரிய பிரேக் தொகுப்பு போட்டவர்கள் புதுக் காரில் இருந்து கழற்றி வைத்த ஒரிஜினல். நான்கைந்து இடத்தில் கனம் அளந்து, வேறுபாடு 0.02 மி.மீ.க்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மற்ற பழைய டிஸ்க்குகளில் எத்தனை வெப்பம் ஏறி இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

இரும்புக்குப் பதில் கார்பன் இழை கலந்த செராமிக் டிஸ்க் வைத்துப் பிறந்த கார்களில் பலர் இரும்புக்கு மாறுவது செலவுக்குப் பயந்து மட்டுமல்ல. ட்ராக்கில் அடிக்கடி ஓட்டுபவர்களுக்கு இரும்பைத் தேய்த்துத் தீர்த்துவிட்டு மாற்றுவது மனநிம்மதி. அளவு விஷயத்தில் கவனம் வேண்டும். போர்ஷே 911 ஜி.டி.-3 காரின் 991 தலைமுறையில் முன் இரும்பு டிஸ்க் 380 மி.மீ., செராமிக் 410 மி.மீ. ஒரிஜினல் இரும்பை அப்படியே எடுத்து மாட்ட முடியாது. செராமிக்கின் அதே விட்டத்தில் செய்த இரும்பு டிஸ்க் வேண்டும், பேடும் மாற வேண்டும். எடை ஏறத்தாழ இரு மடங்காகும். கழற்றிய செராமிக்கைப் பத்திரமாக வையுங்கள். அதன் ஆயுளைக் கனத்தால் மட்டுமல்லாமல் எடையாலும் அளக்கிறார்கள். குறைந்தபட்ச எடை டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்; அதற்கு மேல் இருந்தால் காரை விற்கும்போது நல்ல மதிப்பு.

பெயர் ஒன்று, டிஸ்க் வேறு

உண்மையான மலிவு பல நேரம் ஒரே தளத்தில் பிறந்த சகோதர மாடலில் கிடைக்கும். ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஆர், அதே காலத்து ஆடி எஸ்-3, சீட் லியோன் குப்ரா எல்லாவற்றிலும் வழக்கமான முன் டிஸ்க் 340க்கு 30 மி.மீ. அதிகம் விற்கும் காரின் பெயரில் தேடினால் விலை இறங்கும். எதிர்மாறான பொறியும் உண்டு. சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ.யில் பிரெம்போ காலிப்பரோடு வந்த முன் டிஸ்க் 326க்கு 30 மி.மீ.; 2004 மாடலில் சக்கர போல்ட் வட்டம் 5க்கு 100 (100 மி.மீ. வட்டத்தில் 5 போல்ட்), 2005 முதல் 5க்கு 114.3. காரின் பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் போட்டவருக்கு சக்கரம் பொருந்தும் மையமான ஹப்பில் ஏறாத டிஸ்க்தான் வரும்.

அதனால் ஆர்டருக்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: விட்டம், புதிய கனம், மொத்த உயரம், நடுத்துளை, போல்ட் வட்டம், துளை எண்ணிக்கை. பின் டிஸ்க்கின் தொப்பிக்குள் கை பிரேக் டிரம் இருந்தால் அதன் உள் விட்டமும். மொத்த உயரம் ஒரு மி.மீ. மாறினாலும் நிலையான நான்கு, ஆறு பிஸ்டன் காலிப்பரில் டிஸ்க் நடுவில் நிற்காது. ஒரு பக்கப் பேட் சாய்ந்து தேயும். நழுவும் காலிப்பர் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். காரில் எந்த அளவு பிரேக் பொருத்தப்பட்டது என்பதைக் காட்டும் தொழிற்சாலைக் குறியீட்டுச் சீட்டு ஒட்டியிருந்தால், சேசிஸ் எண்ணோடு அதையும் கடைக்காரரிடம் கொடுங்கள்.

மாட்டும்போது கெடுவது

நல்ல டிஸ்க்கை வாங்கி ஹப்பைச் சுத்தம் செய்யாமல் மாட்டுவதால்தான் பாதிப் புகார்கள் வருகின்றன. ஹப் முகத்தில் 0.05 மி.மீ. துருப் பொருக்கு இருந்தால், டிஸ்க்கின் வெளி விளிம்பில் அந்த ஆட்டம் இரண்டு மடங்குக்கு மேல் தெரியும். பிரேக் பிடிக்காமல் ஓடும்போது டிஸ்க் ஒரே இடத்தில் பேடைத் தொட்டுத் தொட்டுப் போகும். சில ஆயிரம் கி.மீ.யில் அங்கே கனம் மாறும். 0.02 மி.மீ. கன வேறுபாடே ஸ்டியரிங்கில் அதிர்வாகத் தெரியும். உடனே 'டிஸ்க் வளைந்துவிட்டது, மட்டமான பொருள்' என்று தீர்ப்பு வந்துவிடும்.

கம்பி பிரஷ், எமரி தாள் கொண்டு ஹப் முகத்தையும் போல்ட்டைச் சுற்றியுள்ள ஓரங்களையும் பளபளவென்று ஆக்குங்கள். டிஸ்க்கை வைத்து, சக்கர நட்டுகளை வாஷர் போட்டு எல்லாவற்றையும் இறுக்கி, விளிம்பில் இருந்து 10 மி.மீ. உள்ளே டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்து டிஸ்க்கைச் சுழற்றுங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. தாண்டினால் டிஸ்க்கை ஒரு துளை திருப்பி மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். ஹப்பின் ஆட்டமும் டிஸ்க்கின் ஆட்டமும் ஒன்றையொன்று சமன் செய்யும் இடம் கிடைக்கும். எப்படித் திருப்பினாலும் குறையாவிட்டால், ஹப்பைத் தனியாக அளந்துவிட்டு டிஸ்க்கைத் திருப்பி அனுப்பலாம். எண்ணெய் தடவி வந்திருந்தால் பிரேக் கிளீனரால் துடையுங்கள். சாம்பல் நிற துத்தநாகப் பூச்சைச் சுரண்ட வேண்டியதில்லை, பேடே உரித்துவிடும். சக்கரத்தை ஏர் கன்னால் விருப்பத்துக்கு இறுக்காமல், டார்க் ரெஞ்ச்சால் எதிரெதிர் வரிசையில் இறுக்குங்கள்.

புது டிஸ்க்குக்குப் புதுப் பேட். பேட் 400 டிகிரியில் பிடி விடும் சாலை வகை என்றால், எந்த டிஸ்க்கும் அதைக் காப்பாற்றாது. பிரேக் ஆயிலும் அப்படியே: பரவலான ஆயில் வகையான டாட்-4இன் விதிப்படி குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 டிகிரி. இரண்டு வருடம் மாற்றாத ஆயிலோடு ட்ராக்குக்குப் போனால் பெடல் தரையைத் தொடும். பழி டிஸ்க் மேல் விழும்.

புதுப் பேடையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பழக்கும் பதப்படுத்தலுக்கு ஆளில்லாத சாலை வேண்டும். 100 கி.மீ.யில் இருந்து 20க்கு, சக்கரம் பூட்டாத அளவுக்கு அழுத்தமாக, எட்டு முதல் பத்து முறை. இடையில் முழுதாக நிறுத்தாதீர்கள். சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அதன் உருவம் டிஸ்க்கில் அச்சாகிவிடும். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதுவே செல்லும்.

ட்ராக்குக்குப் போகிறவர் வெப்பம் காட்டும் வண்ணத்தை டிஸ்க்கின் வெளி விளிம்பில் மூன்று கோடாகப் பூசலாம். பரவலாகக் கிடைக்கும் வகையில் பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரி அருகில் நிறம் மாறும். பச்சை மட்டும் மாறியிருந்தால் வெற்று முக டிஸ்க்கே உங்களுக்குப் போதும். சிவப்பும் மாறியிருந்தால் விலை உயர்ந்த டிஸ்க்குக்கு முன் காற்றுக் குழாய்க்குச் செலவு செய்யுங்கள். ஒவ்வொரு ட்ராக் நாளுக்குப் பின்னும் முகத்தை நகத்தால் வருடுங்கள். நகத்தில் தட்டாத மயிரிழை விரிசல்கள் பரவாயில்லை. நகத்தில் தட்டினாலோ, வெளி விளிம்பை எட்டியிருந்தாலோ, ஒரு துளையில் இருந்து அடுத்த துளைக்குப் போயிருந்தாலோ, கனம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த ஜோடியை அன்றே கழற்றிவிட வேண்டும்.